தெரிந்தே கைவிட்டார்கள்

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல. 2013 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் தேடிக் கண்டறிய வேண்டிய 30 நலக்குறைகளைப் பட்டியலிட்டது. அதில் ஏ.டி.எச்.டி. இருக்கிறது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறை வர வேண்டும். குறையைக் கண்டறிந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இதையெல்லாம் எழுதி வைத்தது அரசு.

2016 டிசம்பரில் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆக உயர்ந்தன. ஆட்டிசம் சேர்க்கப்பட்டது. கற்றல் குறைபாடு சேர்க்கப்பட்டது. பார்க்கின்சன் நோய் சேர்க்கப்பட்டது. ஏ.டி.எச்.டி. சேர்க்கப்படவில்லை. இடையில் ஆட்சி மாறியிருந்தது. அரசு அதேதான்.

சுகாதாரத் துறையின் பட்டியலில் இருக்கும் பிள்ளை, உரிமைப் பட்டியலில் இல்லை. கண்டறியச் சொன்ன அரசு, கண்டறிந்த பின் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க மறுத்தது. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆண்டுகள் பல கடந்த பிறகும் திருத்தப்படாத தவறு, தெரிந்தே செய்யும் தவறாகிவிடுகிறது.

இதன் விலை என்ன என்பதை இனியும் ஊகிக்க வேண்டியதில்லை. நாடு முழுவதையும் பதிவேடுகளில் வைத்திருக்கும் சமூகங்கள் அதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டன.

டென்மார்க்கில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015-ல் லான்செட் இதழில் வெளியானது. அவர்களில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் 32,061 பேர். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களின் இறப்பு விகிதம் இரண்டு மடங்கு. இறப்புக் காரணங்களில் முதலில் நின்றது விபத்து. குழந்தைப் பருவத்திலேயே கண்டறியப்பட்டவர்களிடம் அந்த விகிதம் இரண்டு மடங்கை எட்டவில்லை. 18 வயதுக்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களிடம் அது நான்கு மடங்கைத் தாண்டியது.

பிரிட்டனில் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்ட 30,029 பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த முடிவு 2025 ஜனவரியில் வெளியானது. ஆண்களின் ஆயுட்காலம் மற்றவர்களைவிட 6.78 ஆண்டுகள் குறைவு. பெண்களின் ஆயுட்காலம் 8.64 ஆண்டுகள் குறைவு. இந்தக் குறைபாடு நேராக ஆயுளைத் தின்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. மாற்றக்கூடிய அபாயங்களையும், கிடைக்காத ஆதரவையும், கிடைக்காத சிகிச்சையையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

நியூயார்க்கில் சிறுவர்களாக இருந்தபோது ஏ.டி.எச்.டி.யோடு மருத்துவரிடம் வந்தவர்களை 33 ஆண்டுகள் தொடர்ந்து, அவர்களின் 41-ஆவது வயதில் மீண்டும் சந்தித்தது இன்னோர் ஆய்வு. அவர்கள் மற்றவர்களைவிட சராசரியாக இரண்டரை ஆண்டுகள் குறைவாகப் படித்திருந்தார்கள். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள் அவர்களில் 31 சதவீதம். ஒப்பிடப்பட்ட மற்றவர்களில் அது 4 சதவீதம் மட்டுமே. வருமானம் குறைவு. மணமுறிவு அதிகம். சிறை சென்றவர்கள் அதிகம்.

உடலும் தப்பவில்லை. ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களிடம் உடற்பருமன் சுமார் 70 சதவீதம் அதிகமாகக் காணப்படுவதாகத் தொகுப்பாய்வு சொல்கிறது. புகைப்பழக்கம் சீக்கிரம் தொடங்குகிறது. போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய எல்லாமே இவர்களிடம் மிகுதி. இவை யாவும் அரசு மருத்துவமனையின் வேறு வேறு பிரிவுகளில் தனித்தனி நோயாகப் பதிவாகின்றன. வேரை யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேடுகளைக் குறைக்க முடியும் என்பதும் நிரூபிக்கப்பட்டுவிட்டது. இங்குதான் அலட்சியம் குற்றமாகிறது.

சுவீடனில் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்ட 1,48,578 பேரை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வு, மருந்து தொடங்கியவர்களிடம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறப்பு குறைந்திருந்ததைக் காட்டியது. மருந்து தொடங்கியவர்களில் 10,000 பேருக்கு 39 பேர் இறந்தார்கள். தொடங்காதவர்களில் அது 48. அதே நாட்டில் 25,656 பேரைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வு, மருந்து எடுத்த காலங்களில் குற்றச்செயல் ஆண்களிடம் 32 சதவீதமும் பெண்களிடம் 41 சதவீதமும் குறைந்ததாகக் கண்டது. 2014-ல் வெளியான இன்னொன்று, மருந்து எடுத்த காலங்களில் ஆண்களிடம் கடும் சாலை விபத்துக்கான அபாயம் பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டியது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழகச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை அது. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். தலைக்கவசம் பற்றிப் பேசுகிறோம். மது பற்றிப் பேசுகிறோம். வேகம் பற்றிப் பேசுகிறோம். வண்டியோட்டும் இளைஞனின் கவனத்தையே சிதறடிக்கும் குறைபாட்டைப் பற்றி எந்தச் சாலைப் பாதுகாப்பு மேடையிலும் ஒரு சொல் இல்லை.

இனி, ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், கண்டறிதல். கோவை மாவட்டத்தின் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியானது. 11.32 சதவீதக் குழந்தைகளிடம் ஏ.டி.எச்.டி. இருந்தது. உலகச் சராசரி சுமார் 5 சதவீதம். குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும் 40 பேர் உட்காரும் வகுப்பறையில் இரண்டு பிள்ளைகள். அந்த இருவரையும் ஆசிரியருக்குத் தெரியும். தலைமையாசிரியருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். அரசின் ஏட்டுக்கு மட்டும் தெரியாது.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் நடமாடும் மருத்துவக் குழு, ஒரே நாளில் ஒரு பள்ளியையே பார்த்து முடிக்கிறது. பல் சொத்தையைப் பார்க்கலாம். இரத்தசோகையைப் பார்க்கலாம். கண் பார்வையைச் சோதிக்கலாம். ஏ.டி.எச்.டி.யை அப்படிக் கண்டறிய முடியாது. ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கேட்டு, வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் அறிகுறிகள் தொடர்ந்தனவா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அதற்கான வினாப்பட்டியல்கள் உள்ளன. அவற்றை ஆசிரியர் கையில் கொடுப்பதற்கு என்ன தடை?

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் முதன்மையாக 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக அமைக்கப்பட்டவை. அதற்கு மேற்பட்டவர்களை வழக்கமான அரசு மருத்துவமனைகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் வெளிப்படுவது பிள்ளை பள்ளிக்குப் போன பிறகுதான். அதாவது, குறை தெரியவரும் வயதில் மையத்தின் கதவு மூடுகிறது. கதவுக்கு வெளியே காத்திருப்பது எது? லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்ற நாட்டின் நிலைதான். மூவர் வேண்டும் என்பது நெறி. குழந்தை மனநல மருத்துவர் என்று தேடினால், மாவட்டத் தலைநகரைத் தாண்டிச் சென்னைக்கோ மதுரைக்கோ பேருந்து ஏற வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய் எத்தனை நாள் கூலியை இழப்பாள்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குழந்தைகளுக்கான மனநலச் சேவையை அரசு தர வேண்டிய சேவைகளில் ஒன்றாக வெளிப்படையாகச் சொல்கிறது. அது உரிமை. கருணை அல்ல. மாவட்ட வாரியாக எத்தனை பிள்ளைகளிடம் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்டது? எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள்? எத்தனை பேர் பாதியில் நின்றார்கள்? இந்த மூன்று எண்களையும் மக்கள் நல்வாழ்வுத் துறை வெளியிட வேண்டும். பதில் சொல்ல வேண்டியது அந்தத் துறை.

அடுத்து, பள்ளி. உட்கார முடியாத பிள்ளையைப் பெஞ்சு மேல் நிற்க வைக்கிறார்கள். வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள். கடைசி வரிசைக்குத் தள்ளுகிறார்கள். நூறு முறை எழுதி வரச் சொல்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. தடை தாளில் இருக்கிறது. பிள்ளை வராந்தாவில் நிற்கிறது.

ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்குப் பள்ளி செய்ய வேண்டியவற்றில் பாதிக்குக் காசே வேண்டாம். முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். சொல்வதைச் சிறு சிறு படிகளாகச் சொல்ல வேண்டும். நீண்ட வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும். இடையே எழுந்து நடக்க விட வேண்டும். கரும்பலகையைத் துடைக்கவும் நோட்டுகளைச் சேகரிக்கவும் அனுப்ப வேண்டும். சரியாகச் செய்ததை உடனே பாராட்ட வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்லித் தராத ஆசிரியர் பயிற்சி எதைச் சொல்லித் தருகிறது?

சிறப்பாசிரியர்கள் கதை தனி அவமானம். ஒவ்வொரு மாநிலமும் சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதமும் சொல்லப்பட்டது. மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச்சில் நீதிமன்றம் மீண்டும் கெடு விதிக்க வேண்டியிருந்தது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையோ இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. எண்ணப்படாத பிள்ளைக்கு ஆசிரியர் எப்படிக் கிடைப்பார்?

நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டும் தனியார் பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோரை அழைத்து, “இங்கே இவனுக்குச் சரிப்படாது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் வழக்கம் ஊரறிந்தது. அந்தத் தேர்ச்சி விகிதம், வெளியேற்றப்பட்ட பிள்ளைகளின் மேல் கட்டப்பட்டது. நியூயார்க்கில் 33 ஆண்டு கழித்துக் கண்டதை நாம் பதினான்கு வயதிலேயே நம் கையால் செய்து முடிக்கிறோம். பதில் சொல்ல வேண்டியது பள்ளிக் கல்வித் துறை.

மூன்றாவது, சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்று கல்வி நிறுவனங்களுக்குக் கட்டளையிடுகிறது. ஏ.டி.எச்.டி. பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சட்டத்தின் பொது வரையறை பரந்ததுதான். ஆனால் சான்றிதழ், சட்டத்தின் அட்டவணையில் உள்ள வகைகளுக்கே கிடைக்கும். சான்றிதழ் இல்லாமல் எந்த மேசையிலும் கோப்பு நகராது.

விளைவு என்ன? டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குத் தமிழகப் பொதுத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. சொல்வதை எழுதுபவர் கிடைக்கிறார். அது சரியானது, தேவையானது. ஏ.டி.எச்.டி. மட்டுமே உள்ள மாணவருக்கு எந்தச் சலுகையும் உரிமையாக வருவதில்லை. அதிகாரி மனமிரங்கினால் வரும். இரங்காவிட்டால் இல்லை. வேறு குறைபாட்டின் பெயரில் சான்றிதழ் கிடைக்குமா என்று பெற்றோர் அலையும் நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார்? உண்மையைச் சொன்னால் உதவி இல்லை என்று ஒரு சட்டம் சொல்லுமானால், வெட்கப்பட வேண்டியது சட்டத்தை எழுதியவர்கள்.

இதைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒன்றிய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அட்டவணையிலேயே இடம் விடப்பட்டிருக்கிறது. ஓர் அறிவிக்கை போதும். ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்து இன்னும் விழவில்லை. பதில் சொல்ல வேண்டியது ஒன்றிய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம்.

நான்காவது, மருந்து. மெத்தில்ஃபெனிடேட் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கும் மருந்து. இந்தியாவில் அது மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. விற்கத் தனி உரிமம் வேண்டும். மருத்துவர் சீட்டு இரண்டு படிகளாக வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். தவறான பயன்பாட்டைத் தடுக்கக் கட்டுப்பாடு தேவை. அதை யாரும் மறுக்கவில்லை. கட்டுப்பாடு விதித்த அரசு, தேவையானவருக்கு அது கிடைக்கும் வழியையும் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

சிறிய ஊர்களின் மருந்துக்கடைக்காரர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒதுங்குகிறார். மருத்துவர் எழுதிய சீட்டோடு தந்தை நகரம் நகரமாகப் போகிறார். கிடைத்த மாதம் பிள்ளை படிக்கிறது. கிடைக்காத மாதம் அடி வாங்குகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனை மருந்தகம் இருக்கிறது. அங்கே பூட்டு இருக்கிறது. பதிவேடு இருக்கிறது. மருந்தாளுநர் இருக்கிறார். மருந்து தடையின்றி இருக்கிறதா? பதில் சொல்ல வேண்டியவர்கள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும், மருந்து கொள்முதல் செய்யும் அரசுக் கழகமும்.

மருந்து மட்டும் தீர்வல்ல. சிறு குழந்தைகளுக்கு முதலில் வேண்டியது பெற்றோர் பயிற்சி. இதையெல்லாம் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பு 2017-லேயே தன் ஒருமித்த அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. வழிகாட்டிக்குப் பஞ்சமில்லை. அரசு விட்ட இடத்தில் கடை விரித்திருக்கின்றன தெரபி மையங்கள். நல்லவையும் இருக்கின்றன. மூன்று மாதத்தில் முழுமையாகக் குணமாக்குகிறோம் என்று பலகை வைத்துப் பணம் பறிப்பவையும் இருக்கின்றன. சிகிச்சை தருபவர் தகுதி பெற்றவரா என்று பார்ப்பது யார் வேலை? நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் பெற்றோரின் வேலையா?

ஐந்தாவது, பெண் பிள்ளைகள். ஓடாத, கத்தாத, பொருளை உடைக்காத, சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. அவள் யாருக்கும் தொந்தரவு இல்லை. அதுவே அவளுக்கு வினையாகிறது. ‘மந்தம்’ என்று முத்திரை குத்துகிறார்கள். படிப்பு ஏறவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். கல்யாணத்தை முடித்துவிடலாம் என்கிறார்கள். பிரிட்டன் ஆய்வில் அதிக ஆயுளை இழந்தவர்கள் பெண்கள் என்பதை மறக்க வேண்டாம். கண்டறியும் பணியில் அமைதியாக இருக்கும் பெண் பிள்ளையைத் தேடச் சொல்லும் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

ஆறாவது, வளர்ந்தவர்கள். வயது வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி இன்னும் பெற்றோரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் 579 குழந்தைகளோடு தொடங்கிய எம்.டி.ஏ. ஆய்வு 16 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. முழுமையாக, நீடித்து விடுபட்டவர்கள் சுமார் 9 சதவீதம். மற்றவர்களில் பெரும்பாலோரிடம் அறிகுறிகள் குறைந்தன, கூடின, திரும்பி வந்தன. நடிகர் ஃபகத் ஃபாசில் தனக்கு ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்டது 41 வயதில் என்று 2024-ல் பொதுமேடையில் சொன்னார். அவருக்கு நல்ல மருத்துவர் கிடைத்தார். மாதம் ஒரு வேலை மாறும் இளைஞனுக்கு யார் கிடைப்பார்? கடனை மறந்து, தேதியை மறந்து, மேலாளரிடம் திட்டு வாங்கி, தன்னையே சோம்பேறி என்று நம்பிவிட்ட முப்பது வயதுக்காரர் எந்த அரசு மருத்துவமனையில் எந்த எண் கொண்ட அறைக்குப் போக வேண்டும்? பதில் சொல்ல வேண்டியது மாவட்ட மனநலத் திட்டம்.

ஏழாவது, சிறை. 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான பகுப்பாய்வு, சிறையில் இருப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் கணக்கிட்டது. ஏ.டி.எச்.டி. உள்ளவர் குற்றவாளி ஆவார் என்பது இதன் பொருளல்ல. பள்ளி தள்ளிய பிள்ளையை, மருத்துவமனை பார்க்காத பிள்ளையை, சட்டம் எண்ணாத பிள்ளையை, காவல் நிலையம் மட்டும் ஏற்றுக்கொள்கிறது என்பதே பொருள். கூர்நோக்கு இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு சிறுவனையும் இந்தக் குறைபாட்டுக்காகச் சோதிக்க என்ன ஏற்பாடு இருக்கிறது? பதில் சொல்ல வேண்டியவர்கள் சமூகப் பாதுகாப்புத் துறையும் சிறைத் துறையும்.

குடும்பத்தின் மேல் பழி போடும் பழக்கம் இத்தோடு நிற்க வேண்டும். ஏ.டி.எச்.டி. மூளை வளர்ச்சி சார்ந்தது. அதில் மரபின் பங்கு சுமார் 74 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் கணக்கிடுகின்றன. தாய் செல்லம் கொடுத்ததால் வந்ததல்ல. தந்தை அடிக்காததால் வந்ததல்ல. செல்போன் மட்டுமே கொண்டுவந்ததும் அல்ல. குற்றவாளிக் கூண்டில் தாயை நிறுத்தினால் அரசு தப்பித்துக்கொள்ளலாம். இத்தனை காலமும் அதுதான் நடந்தது.

எங்கள் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்றிய அரசு ஏ.டி.எச்.டி.யை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் அறிவிக்கையின் மூலம் சேர்க்க வேண்டும். குறைபாட்டின் அளவை மதிப்பிடும் நெறிமுறையையும் அதனுடன் வெளியிட வேண்டும். சேர்க்க மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை நாடாளுமன்றத்தில் எழுத்து மூலம் சொல்ல வேண்டும்.

தமிழக அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் வழங்குவது மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. ஓர் அரசாணை போதும். அடுத்த பொதுத் தேர்வுக்கு முன் அது வெளிவர வேண்டும்.

மாவட்ட இடையீட்டு மையங்களின் சேவை 18 வயது வரை முழுமையாக நீட்டிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரம் ஒரு நாளாவது குழந்தை மனநலப் பிரிவும், பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி. பிரிவும் இயங்க வேண்டும். அங்கேயே மருந்து கிடைக்க வேண்டும். பெற்றோர் பயிற்சி தமிழில், இலவசமாக, அங்கேயே நடக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் பயிற்சி தரப்பட வேண்டும். சிறப்பாசிரியர் பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில் அல்லாமல் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். பத்தாம் வகுப்புக்கு முன் டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கையைத் தேர்ச்சி விகிதத்தின் பக்கத்திலேயே ஒவ்வொரு பள்ளியும் வெளியிட வேண்டும். பேனரில் இரண்டு எண்களும் இருக்கட்டும்.

நிதி இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது. விபத்துச் சிகிச்சைக்கு நிதி இருக்கிறது. போதை மறுவாழ்வுக்கு நிதி இருக்கிறது. சிறை கட்ட நிதி இருக்கிறது. பத்து வயதில் செய்யாத செலவை முப்பது வயதில் பல மடங்காகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

விவரம் இல்லை என்ற பதிலையும் ஏற்க முடியாது. விவரம் இல்லாதது சேகரிக்காததால். சேகரிக்காதது யாரும் கேட்காததால். இப்போது கேட்கிறோம்.

வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரில் மக்கள் நல்வாழ்வுத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் சேர்ந்து அறிக்கை வைக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை மருத்துவர்கள், எத்தனை ஆசிரியர்கள், எந்தத் தேதிக்குள் எது முடியும் என்பது அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் எதிரே பொறுப்பு அதிகாரியின் பதவி எழுதப்பட வேண்டும். குழு அமைத்துள்ளோம், பரிசீலனையில் உள்ளது என்ற வரிகள் அதில் இருக்கக் கூடாது.